லிட்டருக்குப் பதினான்கு

என் காரின் டேஷ்போர்டில், வேகத்தைக் காட்டும் முள்ளுக்குக் கீழே கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு திரை இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு வண்டி சராசரியாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதை அது காட்டும். வாங்கிய புதிதில் நான் அதைக் கடிகாரம் என்று நினைத்திருந்தேன். எப்போது பார்த்தாலும் ஒன்பதைச் சுற்றியே நின்றதால், ஓடாத கடிகாரம் என்று முடிவுகட்டி விட்டுவிட்டேன். ஒன்பது மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டியவன் என்பதால் அதைப் பார்த்துப் பல நாள் பதறியும் இருக்கிறேன்.

இதில் வெட்கப்பட இன்னொரு காரணமும் உண்டு. மிக்சி, வாஷிங் மெஷின், தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு பெட்டிக்குள் வரும் கையேடுகளை எழுதுவது என் தொழில். யாரும் படிக்காத உரைநடையில் எனக்கு இருபது வருட அனுபவம். அப்படிப்பட்ட நான் என் காருக்கு வந்த கையேட்டைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஆறு வருடம் வைத்திருந்தேன். என் வாசகர்களைக் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

கடிகாரம் அல்ல என்று தெரியவந்தது ஆபீஸ் பார்க்கிங்கில். எங்கள் ஆபீஸ் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில். ஒசூரிலிருந்து தினமும் வந்துபோகும் சக ஊழியர் ஒருவரிடம் என்னுடையதைப் போலவே ஒரு கார் உண்டு. அதே மாடல், அதே வருடம், அழுக்கு தெரியாத அதே சாம்பல் நிறம். ஒருநாள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினோம்.

"சார், உங்களுது எவ்ளோ குடுக்குது?" என்றார். நடுவயது ஆண்கள் இருவர் சந்தித்தால் பிள்ளைகள் எத்தனை மார்க் என்று கேட்டுக்கொண்டது ஒரு காலம். பிள்ளைகள் பள்ளியை முடித்துவிட்ட பிறகு இதுதான் மிச்சம்.

எனக்கு விடை தெரியவில்லை. அவரே என் கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் திரையைக் காட்டினார். "ஒம்பது புள்ளி ரெண்டா? சார், கார்தான ஓட்றீங்க? தண்ணி லாரி இல்லையே?"

"உங்களுது?"

"பதினெட்டுக்குக் கீழ வந்தா எனக்குத் தூக்கம் வராது."

அவர் ஒசூரில் கிளம்பி அத்திபெலே தாண்டி நெடுஞ்சாலையில் ஒரே சீராக வந்து இறங்குகிறவர். நான் பிரேசர் டவுனில் கிளம்பி அல்சூர், தொம்மலூர், கோரமங்களா, சில்க் போர்டு என்று ஒவ்வொரு சிக்னலிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவன். இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்கிற அறிவு எனக்கு அந்த நிமிடமே வந்தது. வந்து என்ன செய்ய? பார்க்கிங்கிலிருந்து லிஃப்ட் வரை போவதற்குள் பதினான்கு என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் பதினான்கு என்று கேட்டால் பதில் கிடையாது. பதினெட்டு பேராசை, பன்னிரண்டு கோழைத்தனம் என்று தோன்றியது. பெட்ரோல் செலவு என் மனதில் இருந்ததா என்றால், சத்தியமாக இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதனுக்குச் சாதிக்க வாய்ப்புகள் குறைவு.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் ஒரு பி.யு. கல்லூரியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பிசிக்ஸ் எடுக்கிறாள். கல்லூரி, என் ஆபீசுக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால். பதினொரு வருடமாக இருவரும் ஒரே காரில் போய் ஒரே காரில் திரும்புகிறோம். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம், மழை பெய்தால் கணக்கே இல்லை. மகள் படிக்க வெளியூர் போன பிறகு, வீட்டில் எங்களுக்குள் நடப்பது பேச்சு அல்ல, அறிவிப்பு. மோட்டார் போட்டாச்சா, சிலிண்டர் வந்ததா, சார்ஜர் எங்கே. மற்றதெல்லாம் காரில்தான். அவள் பிரின்சிபாலின் நடையைச் செய்துகாட்டுவது, என் மேனேஜரை நான் திட்டுவது, மகள் போனில் சொல்லாமல் விட்டது என்னவாக இருக்கும் என்று இருவரும் சேர்ந்து ஆராய்வது, எல்லாமே முன்னால் நிற்கும் வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி. எங்களை வளர்த்தது சில்க் போர்டு சிக்னல் என்று சொன்னால் மிகையில்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரிந்திருந்தது என்று நினைக்காதீர்கள்.

பதினான்கு திட்டத்தை அவளிடம் சொன்னபோது சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள். ஆனால் உடனே ஆசிரியையாகவும் மாறிவிட்டாள்.

"பிரேக் போடும்போது என்ன நடக்குதுன்னு தெரியுமா? பெட்ரோலை எரிச்சு வாங்கின வேகத்தை அப்படியே சூடாக்கித் தூக்கிப் போடறீங்க. உங்க மைலேஜ் இஞ்சின்ல போகலை, பிரேக்ல போகுது."

"அதுக்கு என்ன பண்றது?"

"தூரமா பாருங்க. நிக்கணும்னு தெரிஞ்சா முன்னாடியே ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுங்க. கியரை நியூட்ரல்ல போடாதீங்க. கியர்ல விட்டா இந்த இஞ்சின் தானே பெட்ரோலை நிறுத்திக்கும்."

அடுத்த நாள் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ரசம் வைத்த டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் காலடியில் வைத்தாள். "சிந்தலைன்னா பாஸ். பத்துக்கு மார்க் போடுவேன்" என்றாள்.

முதல் நாள் மூன்று. அதில் ஒன்று, கிளம்பும்போது கையைக் காட்டித் திரும்பியதற்கு. காரின் மிதியடி ஒரு வாரத்துக்கு மிளகு வாசனை அடித்தது.

பிறகு டிக்கியைக் காலி செய்தோம். வண்டியின் எடை குறைந்தால் பெட்ரோல் குறையும் என்று கையேட்டில் போட்டிருந்தது. ஆமாம், உறையைப் பிரித்துவிட்டேன். ஒரு பழைய கிரைண்டர் கல், மூன்று மடக்கு நாற்காலிகள், யாருடைய கல்யாணத்திலோ கொடுத்த தேங்காய்ப் பை தேங்காயோடு, இருபது லிட்டர் தண்ணீர் கேன் தண்ணீரோடு. ஆறு வருடமாக ஒரு சின்னக் குடும்பத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறேன்.

டயரில் காற்று பார்க்கக் கராஜுக்குப் போனேன். பிரேசர் டவுனில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மெக்கானிக் என் வயதுக்காரர். வீட்டில் உருது, கராஜில் தமிழ், போலீஸ்காரர் வந்தால் கன்னடம். நான்கு டயரையும் அமுக்கிப் பார்த்தார்.

"காத்து இல்ல சார் இதுல. சாபம் வாங்காதீங்க, வண்டி பாவம். சரி, எவ்ளோ குடுக்குது?"

"ஒன்பது. பதினாலு வேணும்."

அவர் எழுந்து, காரின் பானெட்டைத் தொட்டு நெற்றியில் கை வைத்தார். "நம்ம ஊரு ரோட்ல ஒம்பது குடுக்குதுன்னா, அதுக்கு சலாம் போடணும் சார். நீங்க இன்னும் கேக்கறீங்க."

காற்று சரியானது. கால் மென்மையானது. முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் நல்ல இடைவெளி விட வேண்டும் என்றது கையேடு. எழுதியவர் பெங்களூருக்கு வந்திருக்க மாட்டார். இங்கே இரண்டு கார் நீளம் இடைவெளி விட்டால் அது இடைவெளி அல்ல, அழைப்பிதழ். ஓர் ஆட்டோ வரும், அதன் நிழலில் இரண்டு ஸ்கூட்டர் வரும், கடைசியில் ஒரு பஸ் தன் மூக்கை மட்டும் நுழைத்துவிட்டு மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்கும். நான் எல்லோரையும் வரவேற்றேன். நீண்ட சிக்னல்களில் இஞ்சினை அணைத்தேன். பச்சைக்கு ஐந்து நொடி இருக்கும்போது மறுபடி போடுவேன். ஒருநாள் தொம்மலூரில் இரண்டு நொடி தாமதமாகிவிட்டது. பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டிக் கன்னடத்தில் கேட்டார்: "ஏன் சார், காடி மல்க்கொண்டிதா?" வண்டி படுத்துத் தூங்கிவிட்டதா என்று அர்த்தம்.

என் மனைவி அவருக்குக் கன்னடத்திலேயே பதில் சொன்னாள்: வண்டி விழித்துத்தான் இருக்கிறது, ஓட்டுகிறவர் பரீட்சை எழுதுகிறார். அன்றைக்கு எனக்கு ஆறு மார்க்.

ஜனவரி முடிவதற்குள் திரை பதினொன்று புள்ளி எட்டைக் காட்டியது. திரையை நம்பக் கூடாது என்று ஒசூர்காரர் சொன்னதால், டேங்க் நிறைய போட்டு, ஓட்டி, மறுபடி நிறைத்து, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தும் பார்த்தோம். வகுத்தது அவள்தான், சிக்னலில், மனதுக்குள். பதினொன்றரை. பரவாயில்லை. ரசம் சிந்துவது அநேகமாக நின்றிருந்தது. எட்டு மார்க் வரை வாங்கினேன். யோசித்துப் பார்த்தால், எங்கள் கார் வாழ்க்கையின் சிறந்த காலம் அதுதான்.

பிப்ரவரி நடுவில் பன்னிரண்டு புள்ளி ஒன்றில் வந்து நின்றது. மூன்று வாரம் அசையவில்லை. பார்க்கிங்கில் முறையிட்டேன்.

"ஏ.சி. போடறீங்களா?" என்றார் ஒசூர்காரர்.

"போடறோம்."

"அப்புறம் எப்படி சார்? அதை நிறுத்துங்க. நான் தொடறதே இல்ல."

கையேட்டைப் புரட்டினேன். 'தேவையில்லாதபோது ஏ.சி. உபயோகிப்பதைத் தவிர்க்கவும்' என்று இருந்தது. இந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். இதே மாதிரி நூறு எழுதியிருக்கிறேன். எவ்வளவு என்று நமக்கே தெரியாத இடத்தில் 'தேவைக்கேற்ப' என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவோம். யாருடைய தேவை, அதை யார் முடிவு செய்வது என்று எந்த வாடிக்கையாளரும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை.

எங்கள் காரில் நான் முடிவு செய்தேன். அதற்கு எனக்கு ஒரு வாக்கியம் பரம்பரையாகத் தயாராக இருந்தது. மூன்று தலைமுறையாகக் கன்டோன்மென்ட் பக்கத்தில் வாழும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் இதைச் சொல்லும்: "பெங்களூர்ல ஏ.சி. எதுக்கு?" என் அப்பா மின்விசிறிக்கே இதைச் சொன்னவர். நாங்கள் இந்த ஊரின் குளிருக்குச் சொந்தக்காரர்கள். ஏரிகள் போன பிறகும், மரங்கள் போன பிறகும், மார்ச்சில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்போதும், வெளியூர்க்காரர்களிடம் அந்தக் குளிரை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

என் மனைவி வேலூர்க்காரி. கல்யாணமாகி வந்த முதல் டிசம்பரில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதிலிருந்து வெயில் விஷயத்தில் அவளுக்குப் பேசும் உரிமை இல்லை என்பது எங்கள் வீட்டின் எழுதாத சட்டம்.

ஏ.சி.யை அணைத்த முதல் மாலை, கோரமங்களாவில் நின்றுகொண்டிருந்தபோது, "கொஞ்ச நேரம் போடுங்களேன்" என்றாள்.

"கண்ணாடியை இறக்கிக்கோ. காத்து வரும்."

"புகைதான் வருது."

"வேலூர்க்காரிக்கு இதெல்லாம் ஒரு வெயிலா?"

இதை நான் கிண்டலாகத்தான் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவருவது. எப்போதும் திருப்பி ஏதாவது சொல்வாள். அன்று பையிலிருந்து ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து மடித்து விசிறிக்கொண்டாள். மறுநாளும் விசிறினாள். திரை பன்னிரண்டு புள்ளி ஏழுக்கு வந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசம் டப்பா மூடியோடு பைக்குள்ளேயே இருக்கத் தொடங்கியதையும், மார்க் வருவது நின்றுபோனதையும் பார்க்கவில்லை. பதிமூன்று. பதிமூன்று புள்ளி நான்கு.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை, கல்லூரி வாசலில் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "திங்கக்கிழமையிலேர்ந்து நான் மெட்ரோல போறேங்க. பேப்பர் திருத்த டைம் கிடைக்கும்."

"மெட்ரோவா? அல்சூர்ல ஏறி, மெஜஸ்டிக்ல மாறி, ஆர்.வி. ரோட்ல மறுபடி மாறணுமே!"

"மாறிக்கறேன்."

பேப்பர் திருத்துவதற்காக என்று நம்பினேன். என்னை நானே மன்னிக்க வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: நம்பவில்லை, ஆனால் வசதியாக இருந்தது. ஓர் ஆள் எடை குறைந்தால் எவ்வளவு கூடும் என்று திங்கட்கிழமை காலையிலேயே யோசித்துவிட்டேன். இந்த வாக்கியத்தை எழுதாமல் விடலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன்.

வியாழக்கிழமை பதினான்கு வந்தது. பதினான்கு புள்ளி ஒன்று. பார்க்கிங்கில் இஞ்சினை அணைக்காமலே திரையைப் படம் எடுத்தேன். ஒசூர்காரரைத் தேடினேன், அவர் விடுப்பு. மனைவிக்கு அனுப்பினேன். அவள் அப்போது எங்கோ ஓர் எஸ்கலேட்டரில் இருந்திருப்பாள். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்று பதிலாக வந்தது. அவ்வளவுதான். காரில் உட்கார்ந்து அந்த மஞ்சள் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாத உழைப்பு.

அதன் பிறகு இரண்டு வாரம் தனியாக ஓட்டினேன். வண்டிக்குள் இவ்வளவு சத்தங்கள் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. இடதுபக்கக் கதவில் ஏதோ ஒன்று கடகடக்கும். இண்டிகேட்டர் விட்டுவிட்டுத் தும்மும். ஒருநாள் மேனேஜர் சொன்ன ஒரு முட்டாள்தனத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று அடக்கிக்கொண்டு வீடு வரை வந்தேன். அவள் அடுப்படியில் இருந்தாள். குக்கர் மூன்றாவது விசில் விட்டது. சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே சுவையில்லாமல் போய்விட்டது. அது சிவப்பு விளக்கில் சொல்ல வேண்டிய கதை.

"அப்புறம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. மோட்டார் போட்டாச்சா?"

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தக் கடகடவைக் கண்டுபிடிக்கலாம் என்று காரைத் திறந்தேன். அவள் பக்கக் கதவின் பையில் கைவிட்டேன். நான்கு கைக்குட்டைகள் வந்தன. மடித்த விசிறி வந்தது. அதன் அடியில், கடகடத்தது எதுவோ அது: விரல் நீளத்துக்கு ஒரு வெப்பமானி, கல்லூரி லேபின் நம்பர் ஒட்டியது.

விசிறியைப் பிரித்தேன். ஒரு பக்கம் பிளஸ் டூ மாணவர்களுக்கான வெப்பவியல் கேள்விகள். மறுபக்கம் அவள் கையெழுத்தில் ஓர் அட்டவணை. தேதி, காலையா மாலையா, காருக்குள் எத்தனை டிகிரி, கடைசிக் கட்டத்தில் 'எனக்கு' என்று தலைப்புப் போட்டு ஆம், இல்லை. மாலை முப்பத்தேழு, ஆம். மாலை முப்பத்தாறு, இல்லை. காலை இருபத்தைந்து, ஆம். காலை இருபத்துநான்கு, ஆம், இரண்டு தடவை. மூன்று வாரத்துக்கு ஒருநாள் விடாமல். கீழே, மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் போடச் சொல்வாளே அப்படி, கோடு போட்டு எழுதியிருந்தாள்: 'முடிவு: இரண்டுக்கும் தொடர்பு இல்லை.'

காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சமயத்தில் காரணமே இல்லாமல் உள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும் என்று எங்கோ படித்திருக்கிறேன். எல்லாவற்றையும் எங்காவது படித்திருப்பது என் வழக்கம். ஆனால் அது நம் வண்டியில், நம் பக்கத்து சீட்டில் நடக்கும் என்று யாரும் போடவில்லை.

உள்ளே அவள் சாப்பாட்டு மேசையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். தாளை எதிரில் வைத்தேன். பார்த்தாள். சிவப்புப் பேனாவை மூடினாள்.

"ரீடிங்" என்றாள்.

"தெரியுது. ஏன் சொல்லலை?"

"சொன்னேனே. கண்ணாடியை இறக்கிக்கோன்னீங்க."

எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"வேலூர்க்காரிக்கு இதெல்லாம் வெயிலான்னு கேட்டீங்க இல்ல? எனக்கும் அதே சந்தேகம் வந்துச்சு. வெயிலா, இல்ல நானான்னு. அளந்து பாத்துட்டாத் தெரிஞ்சிடும்னு பாத்தேன்." தாளை விரலால் தட்டினாள். "நான்தான். அப்புறம் எதுக்கு உங்க மைலேஜைக் கெடுக்கணும்? டாக்டர்கிட்டயும் போய்ட்டு வந்துட்டேன். இந்த வயசுல வருமாம். ஒண்ணும் பயமில்லை."

"டாக்டர்கிட்டயா? எப்போ?"

"மெட்ரோல போற வழிதானே."

நான் முட்டாள்தனமாக ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் கையேடு எழுதுகிறவனுக்கு அது இயல்பு. "அப்ப ஏ.சி. போட்டாலும் வரத்தானே செய்யும்?"

"வரும். வந்தா சீக்கிரம் போகும். மெட்ரோல நிக்க இடம் இல்ல, மூணு வண்டி ஏறி இறங்கணும், ஆனா ஏ.சி. இருக்கு. அப்புறம்," என்று பேனாவைத் திறந்து ஒரு விடைத்தாளில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள், "அங்க யாரும் நீங்க வேலூர்தானேன்னு கேக்கறதில்ல."

அடுத்த நாள் காலை, கராஜ் திறந்ததும் போய் நின்றேன். ஒன்றரை மாதம் தொடாத ஏ.சி.யைப் போட்டுப் பார்த்ததில் ஈரத்துணி நாற்றம் அடித்தது.

"இத்தினி நாளு போடவே இல்லியா?" என்றார் மெக்கானிக். "ஏன் சார்?"

"பதினாலு வந்துடுச்சு" என்றேன்.

அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். சலாம் போடவில்லை. "யாரு கேட்டா பதினாலு?" என்று வடிகட்டியைக் கழற்றப் போய்விட்டார்.

காற்று சுத்தமானது, குளிர்ந்தது. ஆனால் குளிர்ந்த காரை வாசலில் நிறுத்திவிட்டு ஒருத்தியை வா என்று கூப்பிடுவது எப்படி என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு அவள் பையை மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு ஆட்டோ பிடிக்கக் கிளம்பியபோது, இஞ்சினையும் ஏ.சி.யையும் ஓடவிட்டபடி கேட்டுக்கு வெளியே நின்றேன். பத்து நிமிடமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டு பெட்ரோல் எரித்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன் நான் என்னைப் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பேன்.

அவள் முன்கதவைத் திறந்து, உட்காராமல், உள்ளங்கையைக் காற்று வரும் துவாரத்தின் முன்னால் நீட்டிப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"இதைப் பாத்துட்டே ஓட்டுவீங்க."

"மாட்டேன்."

"பாப்பீங்க. ஒவ்வொரு சிக்னல்லயும் என்னைப் பாக்கற மாதிரி திரும்பி அதைப் பாப்பீங்க. எனக்குத் தெரியும்."

கைப்பையைத் துழாவி ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். ஒன்றை உரித்துத் திரையில் ஒட்டினாள். முதல் எண் மட்டும் மறைந்தது. இன்னொன்று. மூன்றாவது ஒட்டியதும் முழுதாக மறைந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு, வண்டிக்கு ஏதோ பூஜை போட்டது போல இருக்கும்.

"வாரத்துல மூணு நாள் வருவேன்" என்றாள், பெல்ட்டை மாட்டியபடி. "செவ்வாய், புதன், வெள்ளி. மத்த ரெண்டு நாள் மெட்ரோதான். பேப்பர் நெஜமாவே நல்லாத் திருத்த முடியுது."

ஒத்துக்கொண்டேன். பேரம் பேசும் நிலையில் நான் இல்லை.

தொம்மலூர் வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. பழக்கம் விட்டுப்போயிருந்தது. சிக்னலில் நின்றபோது, கை தானாக இஞ்சினை அணைக்கப் போனது. அணைத்தால் ஏ.சி. நின்றுவிடும். கையைத் திருப்பி ஸ்டியரிங்கில் வைத்தேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பையிலிருந்து ரசம் டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றிக் காலடியில் வைத்தாள்.

"எங்க பிரின்சிபால் இருக்காரே," என்று ஆரம்பித்தாள். மூன்று வாரக் கதை பாக்கி இருந்தது.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. போன வாரம், ஏ.சி. குளிரில் பசை விட்டு, மூன்று பொட்டில் ஒன்று உதிர்ந்துவிட்டது. இப்போது தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் மட்டும் தெரிகிறது. பெரும்பாலும் ஆறு, சில நாள் ஏழு. முன்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பத்தா, பதினொன்றா என்று சில்க் போர்டில் நிற்கும்போது யோசிப்பதுண்டு. நகத்தால் சுரண்டிப் பார்க்க ஒரு நொடி போதும். திங்களும் வியாழனும், தனியாகப் போகும் நாட்களில், விரல் அதன் பக்கம் போகவும் செய்கிறது.

நேற்று எனக்கு ஏழு மார்க். மூன்று போனது ஆட்டோ ஒன்றுக்கு. மிதியடியை இன்னும் கழுவவில்லை.